கட்டை எடுத்தால்தான் காசு

"பையனுக்குச் சம்பளம் எவ்வளவு சார்?" என்று விழுப்புரத்துக்காரர் போனில் கேட்டார். நான் யோசிக்காமல் "எந்த மாசத்துச் சம்பளம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். நக்கல் பண்ணுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

நக்கல் இல்லை. பையன் என் அக்கா மகன் அருண், போனில் பேசியவர் தன் பெண்ணுக்குப் பார்க்கும் மாப்பிள்ளை. ஏர்பஸ் 320 ஓட்டும் கோ-பைலட், அதாவது துணை விமானி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் முடியப் போகிறது. நான் குரோம்பேட்டையில் ஆடிட்டர். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் விமானக்காரர்கள் ஏழெட்டு பேருக்கு வருஷா வருஷம் வருமானவரிக் கணக்கு போடுகிறேன். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டை அடுக்கி வைத்தால் பன்னிரண்டும் பன்னிரண்டு தொகையாக இருக்கும். பெண்ணின் அப்பாவோ மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, பிடித்தம் போகக் கையில் இவ்வளவு என்று முப்பத்து மூன்று வருஷம் ஒரே மாதிரி சீட்டைப் பார்த்தவர். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

கோளாறு அக்காவிடம் ஆரம்பித்தது. தரகரிடம் "மூணே கால் லட்சம்" என்று சொல்லி வைத்திருந்தாள். பொய் இல்லை. மார்ச் மாதம் அருண் வங்கிக் கணக்குக்கு வந்த தொகையைப் பார்த்துவிட்டு, வரிப் பிடித்தத்தையும் தோராயமாகக் கூட்டிச் சொன்னது. ஜூன் மாதச் சீட்டு 2,20,000. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவில் என்ன ஆனது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அருணின் சீட்டில் மூன்று பகுதி உண்டு. பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் நிலையான தொகை 1,40,000. அடுத்தது பறக்கும் படி, மணிக்கு 2,000. மூன்றாவதாக வெளியூர்த் தங்கல், இரவுப் பறப்பு என்று சில்லறை. பறக்கும் படியில் ஒரு உத்தரவாதம் இருக்கிறது: மாதத்தில் எவ்வளவு குறைவாகப் பறந்தாலும் 40 மணிக்கான காசு உண்டு. ஆகவே அடிமட்டம் 1,40,000 + 80,000. ஜூனில் அவனுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை வரும் சிமுலேட்டர் சோதனை, பத்து நாள் விடுப்பு. பறந்தது 31 மணி. அடிமட்டம்தான் கிடைத்தது. மார்ச்சில் பறந்தது 78 மணி. உத்தரவாதத்துக்கு மேல் 38 மணி, அதற்கு 76,000, சில்லறைகள் ஒரு 24,000. அக்காவின் மூணே கால் லட்சம் ஏறக்குறைய இதுதான்.

சரி, மணி என்றால் எந்த மணி? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நான் திருவாரூர்க்காரன். ஆழித்தேர் ஓடும்போது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கட்டையோடு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தேர் திரும்ப வேண்டும், நிற்க வேண்டும் என்றால் முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பார்கள். இப்போது ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது, ஆனாலும் கட்டை இல்லாமல் தேர் இல்லை. விமானத்துக்கும் அப்படித்தான். நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். கட்டையை எடுத்து, தன் நிறுத்தத்தை விட்டு அசைந்ததில் ஆரம்பித்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்தத்தில் நின்று மறுபடி கட்டை போடும் வரை உள்ள நேரத்துக்கு 'பிளாக் டைம்' என்று பெயர். உலகத்தில் பெரும்பாலான பைலட்டுகளின் மணிக்கணக்கு இந்தக் கட்டைக் கணக்குத்தான். இன்று யாரும் கடிகாரம் பார்த்து எழுதுவதில்லை. கதவு மூடி, பார்க்கிங் பிரேக் விட்ட நொடியை விமானமே குறித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறது. அவுட், ஆஃப், ஆன், இன் என்று நாலு நேரம்: நிறுத்தத்தை விட்டது, தரையை விட்டது, தரையைத் தொட்டது, நிறுத்தத்துக்கு வந்தது. சம்பளத்துக்கு முதலும் கடைசியும் போதும்.

போன ஜனவரியில் டெல்லியில் ஒரு காலை. பனிமூட்டம். அருண் விடியற்காலை நாலு மணிக்கே ஹோட்டலை விட்டுக் கிளம்பியாகிவிட்டது. எரிபொருள் பார்த்து, வானிலை பார்த்து, விமானத்தைச் சுற்றி வந்து சோதித்து, நூற்று எண்பது பேரையும் ஏற்றியாயிற்று. புறப்பட அனுமதி இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிறுத்தத்திலேயே 2 மணி 50 நிமிஷம். பின்னால் ஒருவர் விமானப் பணிப்பெண்ணிடம் கத்துகிறார், குழந்தை அழுகிறது, கேப்டன் மூன்றாம் முறையாக மைக்கில் மன்னிப்புக் கேட்கிறார். இவ்வளவுக்கும் சம்பளக் கடிகாரம் பூஜ்யத்தில் நிற்கிறது. பிறகு பனி விலகி, கட்டை எடுத்து, சென்னைக்கு வந்து சேர 2 மணி 50 நிமிஷம். உழைத்ததில் பாதிக்குக்கூடக் காசு இல்லை.

"இதுவே புஷ்பேக் பண்ணி, டாக்ஸிவேல போய் நின்னிருந்தா மீட்டர் ஓடியிருக்கும் மாமா" என்றான். புஷ்பேக் என்றால் நிறுத்தத்திலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளுவது, டாக்ஸிவே என்றால் ஓடுபாதைக்குப் போகும் வழி. ஆட்டோக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்டால் சண்டை போடுகிறோம். இவனுக்கு வெயிட்டிங் சார்ஜே கிடையாது.

அருணின் சீட்டையும் பணிநேரப் பதிவையும் ஒரு நாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 78 மணி பறந்த அந்த மார்ச்சில், வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டது முதல் விடுபட்டது வரை கூட்டினால் 160 மணிக்கு மேல். வெளியூரில் படுத்த இரவுகள் பதினொன்று. "மாசத்துக்கு எழுபது மணிதான் வேலையா? நாங்க வாரத்துக்கே அம்பது" என்று ஐ.டி.யில் இருக்கும் என் மருமகன் சிரித்ததற்கு இதுதான் பதில். அந்த எழுபதைக் கண்டபடி ஏற்றவும் முடியாது. வருஷத்துக்கு 1,000 மணிக்கு மேல் பறக்க, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதி இடம் கொடுக்காது. பன்னிரண்டால் வகுத்தால் 83 மணி. ஓவர்டைம் போட்டு வீடு கட்ட முடியாத தொழில்.

இந்த மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1930களின் அமெரிக்காவில் போய் நிற்கிறது. அப்போது தபால் மூட்டைதான் விமானத்துக்குச் சோறு போட்டது. பல பைலட்டுகளுக்கு மைல் கணக்கில் கூலி. அப்போது வேகமான புது விமானங்கள் வந்தன. ஒரே மணியில் அதிக மைல் ஓடும். முதலாளிகள் சுதாரித்துக்கொண்டார்கள்: மைல் கணக்கு வேண்டாம், மணிக்கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். பைலட்டுகள் விடவில்லை. வேகமாகப் போவதால் உங்களுக்கு லாபம், அதில் எங்களுக்குப் பங்கு எங்கே என்றார்கள். 1931-ல் டேவ் பென்கி என்ற பைலட் தொடங்கிய சங்கம்தான் இதைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் போனது. 1934-ல் அங்கிருந்த தேசியத் தொழிலாளர் வாரியம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 'தீர்மானம் 83' என்று பெயர். அடிப்படைச் சம்பளம் ஒன்று, மணிக்கூலி ஒன்று, அதற்கு மேல் மைல் கூலி ஒன்று. விமானத்தின் வேகம் கூடக் கூட மணிக்கூலியும் கூட வேண்டும். இரவுக்குத் தனி விகிதம். மாதத்துக்கு 85 மணிக்கு மேல் பறக்கக் கூடாது.

தொண்ணூறு வருஷம் ஆகிறது. அருணின் சீட்டைப் பாருங்கள்: நிலையான தொகை, மணிக்கூலி, இரவுக்குத் தனி. மைல் கூலி மட்டும்தான் காணாமல் போயிருக்கிறது. பெரிய விமானம் ஓட்டுகிறவருக்கு ஏன் கூடுதல் சம்பளம், இரண்டிலும் வேலை ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்கும் விடை அந்தப் பழைய சண்டையில்தான் இருக்கிறது. வேலையின் கஷ்டத்துக்கு அல்ல, விமானம் சம்பாதித்துக் கொடுப்பதில் பங்கு.

ஒப்பிடுவதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அருணோடு பயிற்சிப் பள்ளியில் ஒரே அறையில் இருந்த நண்பன் வேறொரு கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கும் நிலையான தொகை ஏறக்குறைய இதேதான். மணிக்கு 1,700. "என்னைவிட முந்நூறு ரூபாய் கம்மி மாமா" என்று அருணுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஆனால் நண்பனின் உத்தரவாதம் 70 மணி. அதாவது சும்மா இருந்தாலும் 1,19,000. அருணுக்குச் சும்மா இருந்தால் 80,000. மாதம் 78 மணி பறந்தால் அருணுக்கு 1,56,000, நண்பனுக்கு 1,32,600. அருண் ஜெயிக்கிறான். ஐம்பது மணி பறந்தால் அருணுக்கு லட்சம், நண்பனுக்கு அதே 1,19,000. இரண்டும் சமமாகும் இடம் ஐம்பத்தொன்பதரை மணி. ஆக, யாருக்குச் சம்பளம் அதிகம் என்ற கேள்விக்கு விடை அவர்கள் கையில் இல்லை. ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, போடுகிறவர் கையில் இருக்கிறது.

2024 மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் விஸ்தாரா என்ற விமானக் கம்பெனியில் விமானங்கள் வரிசையாக ரத்தானது நினைவிருக்கும். ஏர் இந்தியாவோடு சேரும் முன் கொண்டுவந்த புதுச் சம்பள முறையில் உத்தரவாதம் 70 மணியிலிருந்து 40 ஆகக் குறைந்தது. துணை விமானிகள்தான் அதிகம் அடிபட்டார்கள். கடைசியில் கம்பெனி தினமும் 25 முதல் 30 விமானங்கள் வரை குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "லட்சக்கணக்கில் வாங்குறவனுங்களுக்கு என்ன போராட்டம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எழுபது நாற்பதானால் என்ன ஆகும் என்று மேலே போட்ட கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஒப்பீடு வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு கம்பெனியின் சம்பள அட்டவணையும் ஊருக்கே தெரியும். இடது பக்கம் எத்தனையாவது வருஷம், மேலே எந்த விமானம், கேப்டனா துணையா. கட்டத்தில் மணிக்கு இத்தனை டாலர். பேரம் கிடையாது. ஆனால் அந்த அட்டவணைக்குப் பின்னால் பணிமூப்பு எண் என்று ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த தேதிதான் ஒருவரின் தலையெழுத்து. எந்த விமானம், எந்த ஊர், எந்த வாரம் விடுப்பு, எல்லாம் அதன்படி. இருபது வருஷம் கேப்டனாக இருந்தவர் கம்பெனி மாறினால் புது இடத்தில் கடைசி எண், முதல் வருஷத் துணை விமானியின் சம்பளம். ஆகவே கம்பெனி திவாலாகும் என்று தெரிந்தாலும் எளிதில் இறங்க மாட்டார்கள். இங்கே அனுபவமுள்ள கேப்டனை அடுத்த கம்பெனி கேப்டனாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் இங்கே ஆளைப் பிடித்து வைக்க வேறு கயிறு தேவைப்பட்டது. 2017 முதல் கேப்டன் ஒரு வருஷம், துணை விமானி ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வேலையை விட முடியாது.

அங்கேயும் தலைப்புச் செய்தி எண்களை நம்பக் கூடாது. 2023-ல் டெல்டா ஏர்லைன்ஸ் பைலட்டுகளுக்கு 34 சதவீத உயர்வு என்று படித்திருப்பீர்கள். கையெழுத்தானதும் 18, அடுத்த வருஷம் 5, அப்புறம் 4, அப்புறம் இன்னொரு 4. கூட்டினால் 31 தானே வருகிறது? கூட்டக் கூடாது, வட்டிக்கு வட்டி மாதிரிப் பெருக்க வேண்டும், பெருக்கினால் 34. இதைப் பார்த்ததும் எனக்குத் தொழில் சார்ந்த ஒரு திருப்தி.

அங்கே எனக்குப் பிடித்தது விகிதங்கள் அல்ல. பல ஒப்பந்தங்களில், வீட்டுத்தளத்தை, அதாவது பைலட் வழக்கமாக வேலையைத் தொடங்கும் ஊரை, விட்டு வெளியே இருக்கும் ஒவ்வொரு மூன்றரை மணிக்கும் குறைந்தது ஒரு மணிச் சம்பளம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஹோட்டலில் பதினெட்டு மணி நேரம் போட்டுவிட்டு ஒரு சின்னப் பறப்புக்குக் கூப்பிட்டால் கம்பெனிக்குக் கை கடிக்கும். டெல்லிப் பனிக்கு அது ஒரு மருந்து. பயணிகளை ஏற்றும் நேரத்துக்குக் காசு என்பதை டெல்டா தன் கேபின் ஊழியர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது 2022-ல்தான், அதுவும் பாதி விகிதத்தில்.

எல்லா இடத்திலும் அப்படி இருந்ததில்லை. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே ஒரு சிறு விமானம் வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். ஓட்டியது, கான்டினென்டல் ஏர்லைன்ஸுக்காக ஒப்பந்தத்தில் பறந்த கோல்கன் ஏர் என்ற சிறு கம்பெனி. விசாரணையில் துணை விமானியின் சம்பளம் பேச்சுக்கு வந்தது. வருஷத்துக்குச் சுமார் 16,000 டாலர் என்றார்கள். நாடே அதிர்ந்தது. அதன் பிறகு கம்பெனி, அந்த வகை விமானத்தின் துணை விமானிகள் சுமார் 24,000 வாங்குவார்கள் என்று விளக்கம் சொன்னது. எந்த எண் சரி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஒரு பெண்ணின் ஒரு வருஷச் சம்பளத்தை விசாரணை மேசையில்கூட ஒரே எண்ணாகச் சொல்ல முடியவில்லை, பார்த்தீர்களா? அவர் அந்த வேலைக்கு வர முந்தின இரவு நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து விமானம் ஏறி வந்தவர். விபத்துக்குப் பின் வந்த சட்டத்தால் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி அனுபவம் கட்டாயம் என்று 2013-ல் ஆனது. ஆள் தட்டுப்பாடு வந்தது. 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கிளைக் கம்பெனிகள் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் கொடுக்க முன்வந்தன.

வளைகுடா பற்றி ஒரே வரி: வருமானவரி இல்லை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும், வேலை போனால் வீடும் சேர்ந்து போகும் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். திர்ஹாமை ரூபாயில் பெருக்கிவிட்டு என்னிடம் வராதீர்கள்.

மணிக்கூலியின் மோசமான பக்கம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்டில் அருணுக்கு ஜலதோஷம். காது அடைத்திருந்தால் பறக்கக் கூடாது, இறங்கும்போது செவிப்பறை கிழியும் அளவுக்கு வலிக்கும். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் அந்த மூன்று நாள் ரோஸ்டரில் இருந்த பதினாறு மணியும் போயிற்று. அக்கா வீட்டு ஹாலில் ஆவி பிடித்துக்கொண்டே "முப்பத்திரண்டாயிரம் மாமா" என்றான், போர்வைக்குள்ளிருந்து. அக்கா "பணமாடா பெருசு" என்று அதட்டிவிட்டாள், அவன் போகவில்லை. எத்தனை வீட்டில் அதட்ட அக்கா இருப்பாள்?

ஓய்வு விஷயமும் இதேதான். இந்தியாவில் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது, இரவுத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. புது விதிக்கு வேண்டிய பைலட்டுகள் போதாமல் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்ததும், விமான நிலையங்களில் பெட்டிகள் மலையாகக் குவிந்ததும் பார்த்தோம். ஓய்வு கேட்டுப் போராடியது பைலட்டுகள்தான். கேட்டது கிடைத்தால் அவர்கள் பறக்கும் மணியும் குறையலாம், 40 மணி உத்தரவாதக்காரனுக்கு அது நேராகச் சீட்டில் இடிக்கும். தெரிந்தேதான் கேட்டார்கள்.

விழுப்புரத்துக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். பெண்ணும் அம்மாவும் அக்காவோடு உள்ளே பேசிக்கொண்டிருக்க, ஹாலில் நாங்கள் மூன்று பேர். நான் இரண்டு சீட்டையும் எடுத்து மேசையில் வைத்தேன், மார்ச், ஜூன் இரண்டும். மறைக்க என்ன இருக்கிறது? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மார்ச்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். ஜூனை எடுத்துக்கொண்டார்.

"இது எப்பவும் வரும்?"

"வேலை இருக்கிற வரைக்கும் வரும் சார்."

கல்யாணப் பத்திரிகை உறை ஒன்று மேசையில் கிடந்தது. அதன் பின்பக்கம் எழுதினார். 2,20,000. புது முறையில் வருமானவரி மாதம் எவ்வளவு என்று கேட்டார், முப்பதாயிரத்துச் சொச்சம் என்றேன். கடன்?

பைலட் படிப்புக்கும் ஏர்பஸ் பயிற்சிக்கும் சேர்த்து 75 லட்சம் ஆனது. அதில் 50 லட்சம் வங்கிக் கடன், அக்கா வீட்டுப் பத்திரத்தின் மேல். பத்து வருஷம், மாதம் 66,000. அருண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவர் அதையும் எழுதிக் கழித்தார். ஒன்று இருபத்துச் சொச்சம் நின்றது. அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

"பரவால்ல. என் பென்ஷனைவிடக் கூடத்தான் இருக்கு" என்றார். அப்புறம் அருண் பக்கம் திரும்பினார். "தம்பி, வீட்ல இருப்பீங்க, கூப்பிட்டா ஓடணும்னு ஒரு டூட்டி இருக்குமே உங்களுக்கும்?"

"ஸ்டாண்ட்பை அங்கிள். மாசத்துல நாலஞ்சு நாள் வரும்."

"அதுக்குக் காசு?"

"கூப்பிட்டுப் பறந்தாத்தான் அங்கிள். கூப்பிடலைன்னா இல்ல."

அவர் பேனாவை மூடவில்லை. "புயல் சமயத்துல நாங்க ஆபீஸ்லயே படுத்துக் கிடப்போம். லைன் விழுந்தாலும் விழாட்டியும் எங்களுக்குக் கணக்கு உண்டு. சண்டை போட்டு வாங்கினோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப ரகசியம் கேட்பதுபோல், "உங்களுக்கெல்லாம் சங்கம் கிங்கம் இல்லையா தம்பி?" என்றார்.

அருண் என்னைப் பார்த்தான். நான் உள்ளே திரும்பி, "அக்கா, காபி என்னாச்சு?" என்றேன்.